வெண்பனி காப்பாற்றிய பாசஞ்சர் வண்டிகள்

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில், பனி மூடிய சிற்றூர் நிலையத்துக்கு ஒற்றைப் பெட்டியோடு வந்து நின்ற பழைய பாசஞ்சர் வண்டிகளை நினைத்து அந்நாட்டவர் இவ்வளவு உருகுவது ஏன் என்றும், அந்த வண்டிகள் உண்மையிலேயே அவ்வளவு நன்றாக இருந்தனவா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: அவ்வளவு நன்றாக இருக்கவில்லை. மெதுவாக ஓடின, பல கிளைப் பாதைகளில் நாளொன்றுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே வண்டிகள் இருந்தன, ஒன்றைத் தவறவிட்டால் அரைநாள் காத்துக்கிடக்க வேண்டும். நம்மிடத்தில் 'பாசஞ்சர்' என்றாலே எல்லா நிலையத்திலும் நின்று நின்று போகும் வண்டி என்று பொருளாகிவிட்டதைப் போல, அங்கே அத்தகைய வண்டிக்கு 'டொன்கோ' என்று பெயர். 'மந்தமாகப் போவது' என்பது அதன் நேர்ப்பொருள். அந்தச் சொல்லில் முதலில் இருந்தது சலிப்புதான். பிரியம் பின்னால் வந்து சேர்ந்தது.

முதல் கேள்விக்கான விடை சற்று நீளமானது. என் கருத்தில் இந்த ஏக்கம் வண்டியைப் பற்றியது என்பதைவிட, ஒரு குறிப்பிட்ட வகைக் குளிர்காலத்தைப் பற்றியது. சாலைகள் எல்லாம் பனியில் புதைந்து போக, ஊரை வெளியுலகோடு இணைத்த ஒரே கோடாகத் தண்டவாளம் மட்டும் மிஞ்சியிருந்த குளிர்காலம் அது. அந்த வண்டிகளைக் காப்பாற்றி வைத்திருந்தது பனிதான். இதை நயத்துக்காகச் சொல்லவில்லை. பனியால் சாலை மூடப்படும் நாள்களைக் கணக்கிட்டு ஒரு ரயில் பாதையின் உயிரை முடிவு செய்யலாம் என்று ஜப்பானில் விதியே இருந்தது. அதற்கு வருமுன், அந்தப் பாதைகள் எப்படிப்பட்டவை என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஹொக்கைடோவின் முதல் ரயில் பாதை 1880 நவம்பரில், ஒதாரு துறைமுகத்தை ஒட்டிய தெமியாவுக்கும் சப்போரோவுக்கும் இடையே திறக்கப்பட்டது. அமெரிக்கப் பொறியாளர் ஜோசப் கிராஃபோர்டின் வழிகாட்டலில் போடப்பட்ட அந்தப் பாதையில், பிட்ஸ்பர்க்கிலிருந்து கப்பலேறி வந்த நீராவி எஞ்சின்கள் ஓடின. பயணிகளை ஏற்றிச் செல்வது அதன் முதல் நோக்கம் அன்று. இரண்டே ஆண்டுகளில் அது ஹொரோனாய் நிலக்கரிச் சுரங்கம் வரை நீட்டப்பட்டது. பின்னர் வந்த பாதைகளும் பெரும்பாலும் இவ்வாறே பிறந்தன: யூபாரிக்கு நிலக்கரிக்காக, ருமோய்க்கு நிலக்கரிக்காகவும் ஹெர்ரிங் மீனுக்காகவும், உள்மலைகளுக்கு மரத்துக்காக. சரக்கின் பின்னால் ஆட்கள் ஏறி வந்தார்கள். சுரங்கங்கள் மூடப்பட்டபோது ஆட்கள் போனார்கள். 1960இல் 1,16,000 பேருக்கு மேல் வாழ்ந்த யூபாரி நகரில் இன்று 10,000 பேர்கூட இல்லை. ஆட்கள் போன பிறகும் வண்டிகள் இன்னும் சில காலம் வந்துகொண்டிருந்தன என்பதுதான் இந்த ஏக்கத்தின் முதல் இழை.

குளிரைப் பற்றி ஒரு சொல். ஆசாஹிகாவா நகரில் 1902 ஜனவரி 25 அன்று பதிவான மைனஸ் 41.0 டிகிரிதான் ஜப்பானின் அதிகாரப்பூர்வமான மிகக் குறைந்த வெப்பநிலை. ஹொரோகனாய் ஊரைச் சேர்ந்த மொஷிரியில் 1978 பிப்ரவரி 17 அன்று மைனஸ் 41.2 டிகிரி வரை இறங்கியது. அது வானிலைத் துறையின் முறையான பதிவாகக் கொள்ளப்படாததால், ஊர்க்காரர்கள் இன்றுவரை ஒரு பெருமையோடும் ஒரு குறையோடும் அதைச் சொல்வார்கள். அதே ஹொரோகனாயில் 2018 பிப்ரவரியில் தரையில் சேர்ந்திருந்த பனியின் உயரம் 3 மீட்டரைத் தாண்டியது. இத்தகைய இடத்தில் ஒரு வண்டி கால அட்டவணைப்படி வந்து நிற்பதற்குப் பின்னால் எத்தனை பேருடைய இரவு இருந்திருக்கும் என்பதை, வெண்மைக்கு நடுவே ஒற்றைச் சிவப்புப் பெட்டி நிற்கும் அழகிய புகைப்படங்கள் சொல்வதில்லை.

அந்த இரவுப் பணியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். புதிதாக விழுந்த மெல்லிய பனியைத் தள்ளுவதற்கு, கப்பலின் முன்முனை போன்ற கூரிய கலப்பையை முகத்தில் தாங்கிய 'ரஸ்ஸல்' வண்டி போதும். எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, அது பனியைக் கிழித்துத் தண்டவாளத்தின் இருபுறமும் ஒதுக்கிவிட்டுப் போகும். சிக்கல் பிறகுதான் தொடங்கும். ஒதுக்கிய பனி இருபுறமும் சுவராக எழும். ஒவ்வொரு நாளும் அந்தச் சுவர் உயரும். ஒரு கட்டத்துக்கு மேல் கலப்பையால் தள்ளப்படும் பனிக்குப் போக இடமே இருக்காது. அப்போது 'கிமரோகி' என்ற தொடர் வரவழைக்கப்படும். எஞ்சின், மாக்லி, ரோட்டரி, மறுபடியும் எஞ்சின் ஆகிய நான்கின் ஜப்பானியப் பெயர்களிலிருந்து முதலெழுத்துகளைச் சேர்த்து ஆக்கிய பெயர் அது. முதல் எஞ்சின் இழுத்துச் செல்லும் மாக்லி வண்டி, தன் இரு சிறகுகளையும் விரித்து, ஓரச் சுவர்களைச் சுரண்டி அந்தப் பனியை மீண்டும் பாதையின் நடுவே கொண்டுவந்து சேர்க்கும். அதன் பின்னால் வரும் ரோட்டரி வண்டி, சுழலும் பெருஞ்சக்கரத்தால் அந்தப் பனியை வாரி, பாதைக்கு வெகு தூரத்தில் வீசியெறியும். அதைப் பின்னாலிருந்து தள்ளுவது இரண்டாவது எஞ்சின். தள்ளிய பனியைத் திரும்ப நடுவில் கொட்டிக்கொண்டு பிறகு வீசுவது முதல் பார்வைக்குக் கிறுக்குத்தனமாகத் தோன்றும். வேறு வழி இல்லாததால் பிறந்த அறிவு அது.

இயந்திரங்கள் போக மீதியைக் கைகள் செய்தன. நிலையங்களில் பாதை பிரியும் இடத்திலுள்ள பாயின்ட்டுகளின் இடுக்கில் பனி புகுந்து உறைந்தால் பாயின்ட் நகராது. அதற்காக மண்ணெண்ணெய் விளக்குகளை அவற்றின் அடியில் ஏற்றி வைத்து உருக்கினார்கள். அந்தி சாய்ந்த பின் வெண்பனிக்கு நடுவே தரையோடு தரையாகச் சிறு தீக்கள் வரிசையாக எரிவதை, அந்தக் காலத்தில் ரயிலில் போனவர்கள் பலரும் நினைவுகூர்கிறார்கள். பாதையோரம் காற்றில் அடித்து வரும் பனியைத் தடுக்க மரங்களை வரிசையாக நட்டு வளர்க்கும் வழக்கமும் இருந்தது. ஹொக்கைடோவுக்குத் தெற்கேயுள்ள பெருந்தீவான ஹொன்ஷுவின் வடபகுதியில் நொஹெஜி என்ற இடத்தில் 1893இலேயே அத்தகைய காடு நடப்பட்டது. ஹொக்கைடோவில் தண்டவாளம் பெயர்க்கப்பட்ட பின்னும் சில இடங்களில் இந்த மரவரிசைகள் நேர்கோட்டில் நிற்கின்றன. எதைக் காக்க நிற்கின்றன என்பது தெரியாதவருக்கு அவை வெறும் தோப்பு.

இனி வண்டிக்குள் வருவோம். நீராவிக் காலத்தில் எஞ்சினிலிருந்து ஒரு குழாய் வழியாக நீராவியைப் பெட்டிகளுக்குள் அனுப்பிச் சூடேற்றினார்கள். ஆனால் சிறு கிளைப் பாதைகளில் தனிப் பயணியர் வண்டி விடுமளவுக்குக் கூட்டம் இல்லாததால், சரக்குப் பெட்டிகளோடு ஓரிரண்டு பயணியர் பெட்டிகளைக் கோத்து 'மிக்ஸட்' வண்டியாக ஓட்டுவார்கள். சரக்குப் பெட்டிகளில் நீராவிக் குழாய் கிடையாது. ஆகவே அத்தகைய வண்டிகளின் பயணியர் பெட்டிக்குள்ளேயே நிலக்கரி அடுப்பை வைத்துவிட்டார்கள். வயிறு பருத்த அந்த வார்ப்பிரும்பு அடுப்பை, உருண்டையான போதிதர்ம பொம்மையின் பெயரால் 'தருமா அடுப்பு' என்பார்கள். (காஞ்சிபுரத்திலிருந்து போனவராக மரபு சொல்லும் அதே போதிதர்மர்தான், அங்கே அவர் பொம்மையாகி, பிறகு அடுப்புக்கும் பெயராகிவிட்டார்.) அடுப்பை ஒட்டி உட்கார்ந்தவருக்கு முழங்கால் வேகும், கதவோரம் உட்கார்ந்தவருக்குப் பாதம் மரத்துப்போகும். ஹொக்கைடோவையும் ஹொன்ஷுவையும் பிரிக்கும் கடலிடுக்குக்குத் தெற்கே ஆவொமோரி மாவட்டத்தில், 20.7 கி.மீ. நீளமே உள்ள சுகாரு ரயில்வேயில் இன்றும் டிசம்பர் முதல் மார்ச் வரை இந்த அடுப்பு வண்டி ஓடுகிறது. பயணிகள் கூடுதல் கட்டணம் கொடுத்து ஏறி, காய்ந்த கணவாயை அடுப்பின் மேல் வாட்டித் தின்கிறார்கள். அது இன்று சுற்றுலாதான் என்றாலும், பெட்டி முழுதும் பரவும் அந்தக் கருவாட்டு வாசம் பொய்யன்று.

டீசல் பெட்டிகள் வந்த பிறகுதான் பெரும்பாலோர் நினைவில் இருக்கும் காட்சி உருவானது. கதவு நேராக இருக்கைப் பகுதிக்குள் திறக்கும் பெட்டிகளை முதலில் ஹொக்கைடோவில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறந்தவுடன் உள்ளிருந்த சூடெல்லாம் வெளியே போயிற்று. அதனால் 1958 முதல் வந்த 'கிஹா 22' வகையில், இரு முனைகளிலும் சிறு முன்னறை வைத்து அதற்கப்பால் உள்கதவு வைத்தார்கள். சன்னல்கள் இரட்டைக் கண்ணாடியாயின. 1977 முதல் வந்த 'கிஹா 40' வகையும் அதே அமைப்பைத் தொடர்ந்தது. அந்த இரட்டைச் சன்னல்களின் இடுக்கில் உறைபனி பூப்பதும், நகத்தால் சுரண்டி ஒரு காசளவு வட்டம் உண்டாக்கி அதன் வழியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் எந்த நிலையம் என்று எட்டிப் பார்ப்பதும் இந்தப் பெட்டிகளின் காலத்து நினைவுகள். ஏக்கத்தின் பொருளாக நீராவி எஞ்சினையே வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களைக் கேட்டால், சிறப்பேதும் இல்லாத இந்த டீசல் பெட்டியின் இருக்கைக்கு அடியிலிருந்து வரும் சூட்டைத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள்.

நிலையத்தைச் சொல்லாமல் வண்டியைச் சொல்ல முடியாது. மரத்தாலான சிறிய கட்டடம், நடுவில் ஓர் அடுப்பு, சுற்றிலும் பெஞ்சுகள். விடிவதற்கு முன்பே நிலைய ஊழியர் அடுப்பை மூட்டிவிடுவார். அந்த அறையில் மாணவர்கள் நனைந்த கையுறைகளைக் காய வைத்தார்கள். மருத்துவமனைக்குப் போகும் முதியவர்கள் ஒரு மணி நேரம் முன்பாகவே வந்து உட்கார்ந்தார்கள். செய்தித்தாள் கட்டுகளும் பார்சல்களும் அதே வண்டியில் வந்து இறங்கின. ஒதாரு போன்ற துறைமுக ஊர்களிலிருந்து, மீன் நிறைந்த தகரப் பெட்டிகளை முதுகில் அடுக்கிக் கட்டிக்கொண்டு பெண்கள் விடியல் வண்டியில் ஏறி, யூபாரி போன்ற சுரங்க ஊர்களில் இறங்கி வீடுவீடாக விற்றார்கள். தகரத்தின் ஒலியை வைத்து 'கங்கன் படை' என்று அவர்களை அழைத்தார்கள். வண்டிகள் எதிரெதிரே கடக்கும் நிலையங்களில், ஒற்றைப் பாதையில் போக உரிமை தரும் டோக்கனை வளையத்தில் மாட்டி நிலைய அதிகாரி ஓட்டுநரிடம் கைமாற்றுவார். ஊரில் இரவு முழுதும் விளக்கெரிந்த இடமும், யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் போய் உட்காரக் கூடிய சூடான இடமும் அதுவாகத்தான் பெரும்பாலும் இருந்தது. ஒதோயினெப்பு என்ற கிராம நிலையத்தில் பக்வீட் தானியத்தை உமியோடு அரைத்துச் செய்த கறுப்பு 'சோபா' நூடுல்ஸைக் கொதிக்கக் கொதிக்கக் கிண்ணத்தில் ஊற்றித் தரும் ஒரு சிறு கடை இருந்தது. 2021இல் அது மூடப்பட்டபோது எழுதப்பட்ட இரங்கல்கள், ஒரு பாதை மூடப்படும்போது எழுதப்படுபவற்றுக்குக் குறைந்தவை அல்ல.

இப்போது முன்னர் சொன்ன விதிக்கு வருகிறேன். ஜப்பானிய தேசிய ரயில்வே கடனில் மூழ்கிக்கொண்டிருந்த நிலையில், அதைச் சீரமைக்க 1980 டிசம்பரில் ஒரு சட்டம் நிறைவேறியது. ஒரு பாதையில் கிலோமீட்டருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4,000 பயணிகள்கூட இல்லையென்றால், அதை மூடிவிட்டுப் பேருந்து விடலாம் என்பது அதன் சாரம். அந்த அளவுகோலின்படி நாடு முழுதும் 83 பாதைகள் பட்டியலிடப்பட்டன. ஆனால் விலக்குகள் இருந்தன. மாற்றாகப் பேருந்து ஓட்டுவதற்குத் தகுந்த சாலை இல்லையென்றால் விலக்கு. சாலை இருந்தும் அது பனியால் ஆண்டுக்கு 10 நாள்களுக்கு மேல் மூடப்படுமானால் விலக்கு. அதாவது ஒரு பாதை பிழைக்குமா என்பதை அதில் ஏறுகிறவர்களின் எண்ணிக்கை மட்டும் முடிவு செய்யவில்லை. அதற்குப் பக்கத்திலுள்ள மலைச்சாலையின் மேல் விழும் பனியும் முடிவு செய்தது.

இந்த விலக்கால் உயிர்பிழைத்ததற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஷின்மேய் பாதை. ஃபுகாகாவாவிலிருந்து ஹொரோகனாய், ஷுமரினாய் வழியாக நயோரோ வரை 121.8 கி.மீ. நீளம், 1941இல் முழுமையாயிற்று. மேலே சொன்ன மொஷிரியின் குளிரும் ஹொரோகனாயின் பனியும் இந்தப் பாதையோரத்தவையே. நாட்டிலேயே மிக மோசமாக நட்டம் ஈட்டிய பாதைகளுள் ஒன்று அது. இருந்தும், குளிர்காலத்திலும் நம்பக்கூடிய மாற்றுச் சாலை இல்லாத காரணத்தால் 1980களின் பெரும் மூடல்களைத் தாண்டி நின்றது. அதைவிடப் பல மடங்கு முக்கியமாயிருந்த நயோரோ முதன்மைப் பாதை, நல்ல சாலை ஒன்று பக்கத்தில் இருந்ததாலேயே 1989இல் மூடப்பட்டுவிட்டது. பிறகு ஷின்மேய்ப் பகுதியிலும் சாலை சீரானது. பனி அகற்றும் லாரிகள் இரவோடிரவாகப் பாதையைத் திறந்துவிடும் நிலை வந்தது. 1995 செப்டம்பர் 3 அன்று கடைசி வண்டி ஓடிற்று. தண்டவாளத்தின் இடத்தை எடுத்துக்கொண்ட பேருந்தில் ஒரு பிப்ரவரியில் நான் போயிருக்கிறேன். இருபுறமும் பனிச் சுவருக்கு நடுவே, சற்றும் தாமதமில்லாமல், இதமான சூட்டோடு அது ஓடிற்று. குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. என்னோடு மொத்தம் மூன்று பேர்தான் இருந்தோம் என்பதைத் தவிர.

மூடுவதை எதிர்த்து ஊர்கள் செய்த முயற்சிகளில் சில நகைச்சுவையும் துயரமும் கலந்தவை. பிஃபுகாவிலிருந்து நிஉப்பு வரை 21.2 கி.மீ. ஓடிய பிகோ பாதை, கடலோரம் வரை போவதாகத் திட்டமிடப்பட்டுப் பாதியில் நின்றுபோன ஒன்று. 1974இல் அந்தப் பாதை 100 யென் சம்பாதிக்க 3,859 யென் செலவழித்தது. ஊராட்சித் தலைவர் இதை மறைக்கவில்லை. தோக்கியோவின் கின்சா கடைவீதிக்கே போய், "ஜப்பானின் முதலிடம் பெற்ற நட்டப் பாதையில் பயணம் செய்யுங்கள்" என்று விளம்பரம் செய்து பயணச்சீட்டுகளை விற்றார். வாங்கியவர்கள் நினைவுப் பொருளாக வைத்துக்கொண்டார்களே தவிர, எத்தனை பேர் ஏறினார்கள் என்பது வேறு கதை. 1985 செப்டம்பரில் பாதை மூடப்பட்டது. அதன் கோடியில் இன்று பார்வையாளர்கள் சிறு எஞ்சின் பொருத்திய டிராலியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்வருகிறார்கள். ரயிலாக இருந்தபோது வராத கூட்டம் டிராலிக்கு வருகிறது.

ஏக்கம் தானாக மட்டும் முளைத்ததன்று என்பதையும் சொல்ல வேண்டும். 1970 அக்டோபரில் தேசிய ரயில்வேயே 'டிஸ்கவர் ஜப்பான்' என்ற பெருவிளம்பரத்தைத் தொடங்கி, நகரத்து இளைஞர்களைத் தொலைதூரச் சிற்றூர்களுக்கு ரயிலேறச் சொன்னது. அதே ஆண்டுகளில் அதே நிறுவனம் நீராவி எஞ்சின்களை விரைந்து ஒழித்துக்கொண்டிருந்தது. 1975 டிசம்பர் 14 அன்று முரோரானிலிருந்து இவாமிசாவாவுக்கு 'சி57 135' எஞ்சின் இழுத்துச் சென்றதே தேசிய ரயில்வேயின் வழக்கமான நீராவிப் பயணியர் வண்டிகளில் கடைசி. பத்து நாள் கழித்து யூபாரிப் பாதையில் கடைசி நீராவிச் சரக்கு வண்டியும் ஓடி முடிந்தது. படமெடுக்க நாடெங்குமிருந்து கூட்டம் திரண்டது. பனிக்கு நடுவே கரும்புகை என்ற காட்சி ஜப்பானியரின் பொது நினைவில் பதிந்தது அந்தக் கூட்டத்தின் கேமராக்களால்தான். 1980களில் பழைய மர நிலையங்களைப் பராமரிக்கப் பணமில்லாமல் இடித்துவிட்டு, ஓடி ஓய்ந்த கார்டு வேன்களின் சக்கரங்களைக் கழற்றித் தரையில் வைத்து, அவற்றையே காத்திருப்பு அறைகளாக்கினார்கள். அப்போது அவற்றைக் கேவலம் என்றவர்கள் உண்டு. இன்று அந்தத் துருப்பிடித்த வேன்களுக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள்.

இந்த ரசிகர்களைப் பற்றி எனக்கு இரு மனம். ஒரு பாதை மூடப்படுவதாக அறிவித்தவுடன் அங்கே குவிகிறவர்களுக்கு ஜப்பானிய ரயில் பிரியர்களே வைத்த பெயர் 'சோஷிகி-தெட்சு': சாவு வீட்டு ரயில் ரசிகர். ருமோய் பாதையில் ருமோயிலிருந்து மாஷிகே வரையிலான பகுதிக்கு 2016 டிசம்பர் 4 கடைசி நாள். சாதாரண நாள்களில் காலியாகவே போன ஒற்றைப் பெட்டி, கடைசி வாரங்களில் நிற்கவும் இடமின்றி நிறைந்தது. 2023 மார்ச்சு இறுதியில் ருமோய் நிலையமும் போயிற்று, மிஞ்சிய 14.4 கி.மீ. துண்டுக்கும் 2026 மார்ச்சு இறுதி என்று நாள் குறித்தார்கள். ஒவ்வொரு முறையும் இதே கூட்டம், இதே கையசைப்பு. 'அன்றாடம் ஏறியிருந்தால் மூடியிருக்க மாட்டார்களே' என்று அவர்களைக் கடிந்துகொள்வது எளிது. ஆனால் வெளியூர்க்காரர் அன்றாடம் ஏற முடியாது. ஏறியிருக்கக் கூடிய உள்ளூர்க்காரரோ குடும்பத்துக்கு இரண்டு கார் வைத்திருக்கிறார். கையசைக்கும் கூட்டத்தில் அவரும் நிற்பார். காரை நிலையத்தின் முன்னால் நிறுத்திவிட்டுத்தான் அவரும் வந்திருப்பார்.

உலகம் முழுதும் பரவிய ஒரு கதையையும் இங்கே திருத்திவிடுகிறேன். கியூ-ஷிராதாகி நிலையத்தில் ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக, அவள் படிப்பை முடிக்கும் வரை ஒரு ரயில் ஓட்டப்பட்டது என்று 2016இல் பலரும் படித்துக் கண்கலங்கினோம். அந்த நிலையத்தை அன்றாடம் பயன்படுத்திய மாணவி ஒருவர் இருந்தார் என்பதும், அவர் படிப்பை முடித்த அதே மார்ச்சில் புதிய கால அட்டவணையோடு அது மூடப்பட்டது என்பதும் உண்மை. ஆனால் அந்த வண்டி அவருக்காக மட்டும் ஓடவில்லை. செகிஹொகு முதன்மைப் பாதையில் வழக்கமாக ஓடும் வண்டி அது, வேறு நிலையங்களிலும் மாணவர்கள் ஏறினார்கள். பக்கத்திலிருந்த கமி-ஷிராதாகி நிலையத்தில் நாளொன்றுக்கு ஒரு திசைக்கு ஒரு வண்டிதான் நின்றது. இரண்டு நிலையங்களின் செய்தியும் கலந்து ஒரு நீதிக்கதையாகிவிட்டது. இதேபோல, மினாமிஃபுரானோவின் இகுதோரா நிலையத்துக்கு வருகிறவர்கள் 'ஹொரோமாய்' என்ற பெயர்ப்பலகையின் அருகில் நின்றுதான் படமெடுத்துக்கொள்கிறார்கள். 1999இல் எடுக்கப்பட்ட ஒரு திரைப்படத்துக்காக அந்த நிலையத்துக்குச் சூட்டிய கற்பனைப் பெயர் அது. 2016 ஆகஸ்டுப் புயலில் சேதமடைந்த அந்தப் பாதையில் பிறகு வண்டியே வரவில்லை. 2024 ஏப்ரல் 1 முதல் ஃபுரானோ–ஷின்தொகு பகுதி 81.7 கி.மீ.யும் முறையாக மூடப்பட்டது. உண்மைப் பெயருள்ள நிலையம் போய்விட்டது; கற்பனைப் பெயர்ப்பலகை இருக்கிறது.

இன்னொன்றையும் விட்டுவிட முடியாது. ஷின்மேய் பாதையின் ஷுமரினாய்–நயோரோ பகுதியும், அதை ஒட்டிய ஷுமரினாய் அணையும் 1930களின் நடுவிலிருந்து 1943 வரை கட்டப்பட்டபோது, கடனாலும் ஏமாற்றாலும் அடைத்து வைக்கப்பட்ட ஜப்பானியக் கூலிகளும், கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் அங்கே வேலை வாங்கப்பட்டார்கள். பலர் அந்தக் காட்டிலேயே இறந்து புதைக்கப்பட்டார்கள். 1997இல் ஜப்பானிய, கொரிய இளைஞர்களும் ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனு இளைஞர்களும் ஒன்றுகூடி அந்த எலும்புகளைத் தோண்டியெடுத்தார்கள். இந்த நினைவைக் காத்துவந்த பழைய கோவில் கட்டடம் பனியின் பாரம் தாங்காமல் இடிந்துபோய், 2024இல் புதிய அருங்காட்சியகமாக எழுப்பப்பட்டது. அழகிய பனிக்காட்டுப் பாதை என்று அந்த வண்டியைக் கொண்டாடும் நூல்களில் இதைப் பெரும்பாலும் காண முடியாது. ஏக்கத்துக்கு அடுப்பும் சன்னலும் தெரிகின்றன. ஸ்லீப்பர் கட்டைகளின் கீழே இருப்பது தெரிவதில்லை.

1987இல் தேசிய ரயில்வே பிரிக்கப்பட்டுத் தனியார்மயமானபோது 3,000 கி.மீ.க்கு மேல் பாதைகளோடு தொடங்கிய ஜே.ஆர். ஹொக்கைடோ நிறுவனத்திடம் இன்று இருப்பது 2,300 கி.மீ.க்கும் குறைவு. தனியொரு நிறுவனமாகத் தன்னால் காப்பாற்ற இயலாதவை என்று 2016 நவம்பரில் அது அறிவித்தவை மட்டும் 1,237 கி.மீ. ஆக, நீங்கள் நேரில் பார்க்க விரும்பினால் தள்ளிப்போட வேண்டாம். ஆசாஹிகாவாவிலிருந்து வக்கனாய் வரை 259.4 கி.மீ. நீளும் சோயா முதன்மைப் பாதையின் வடபாதியில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் டொன்கோ வண்டியில் போனால், நான் சொன்னவற்றில் கொஞ்சமாவது கிடைக்கும். கோடையில் போனால் ஹொரோகனாயில் ஊர்க்காரர்கள் செப்பனிட்டுக் காத்துவரும் நுமாஉஷி நிலையக் கட்டடத்தைப் பாருங்கள். தண்டவாளம் இல்லாவிட்டாலும் நிலையம் இருக்கிறது. நயோரோவில் இறங்கினால், பழைய நயோரோ முதன்மைப் பாதை இருந்த இடத்திலேயே, நான் விவரித்த கிமரோகி தொடர் முழுதையும் இரு நீராவி எஞ்சின்களோடு வரிசை குலையாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதைக் குளிர்காலத்தில் பார்க்க முடியாது. பனி பட்டுக் கெட்டுப்போகாமல் இருக்க, இலையுதிர்காலத்திலேயே தார்ப்பாய் போட்டு மூடிவிடுகிறார்கள்.